கதிரைக் கணக்கு

புனித மார்த்தாள் கோயில் மண்டபத்தில்
கதிரை நூற்றி எண்பது.
நீல நிறம். முதுகில் வெள்ளைப் பெயின்றால் இலக்கம்.
எழுதியவன் ரொக்சன்.
அவன் ஏழுக்குக் குறுக்கே கோடு போடுவான்,
எந்த ஒழுங்கையில் கண்டாலும்
எங்கள் கதிரையென்று தெரியும்.

திறப்பு என்னிடம். கொப்பியும் என்னிடம்.
திகதி, பெயர், எத்தனை, எதற்கு.
கலியாணமென்றால் கதிரைக்குப் பத்து ரூபாய்.
சாவுக்குக் காசு எழுதாதே மர்சலீன் என்று
சேவியோ சுவாமி சொல்லிவிட்டு
மாற்றலாகி மன்னாருக்குப் போனார்.
பிறகு வந்த சுவாமிமார்
எழுது என்று சொல்லவில்லை.
நானும் கேட்கவில்லை.

முகத்துவாரத்தில் சாவு
பெயர் சொல்லித்தான் கூப்பிடும்.
விடியப்புறம் மூன்று மணி.
"மர்சலீனக்கா, ஒரு ஐம்பது."
எந்த வீடென்று கேட்பேன்.
தூக்க வரும் பொடியனின்
நெற்றியில் திருநீறு இருக்கும்,
இல்லாவிட்டால் மணிக்கட்டில் பிரித் நூல்,
இரண்டும் இல்லாமல் வெறும் சாராய வாசமும் இருக்கும்.

பீடத்துக்கு இடப்பக்கம் மார்த்தாள் நிற்கிறாள்,
கையில் அகப்பை.
ஆண்டவர் வீட்டுக்கு வந்த அன்று
தங்கைக்காரி காலடியில் உட்கார்ந்துவிட்டாள்,
இவளுக்கு அடுப்பில் வேலை.
கதிரை துடைக்கும்போதெல்லாம்
எனக்கு இவள் பக்கம்தான்.

மண்ணெண்ணெய் இல்லாத வருசம்
போட்டுகள் கரையில் கவிழ்ந்து கிடக்க
செட்டிலிருந்து சந்தி வரைக்கும் வரிசை.
நிற்க மாட்டாதவர்களுக்கென்று
நாற்பது கதிரை கொண்டுபோய்ப் போட்டோம்.
மறுநாள் பார்த்தால்
கதிரை இலக்கமே வரிசை இலக்கம்.
நூற்றிப் பன்னிரண்டில் இருந்த சோமசிறி
முப்பத்தெட்டு எப்படி முன்னுக்கு என்று சண்டை.
அது பெயின்ற் காய்ந்த ஒழுங்கு ஐயா
என்று விளக்க
என் சிங்களம் காணவில்லை.
எல்லாரும் சிரித்தோம். எண்ணெய் வரவில்லை.
இரவில் ஆட்கள் வீட்டுக்குப் போக
கதிரைகள் நின்றன வரிசையில்.

அந்த ஏப்ரலுக்குக் கொப்பியில்
அரைப் பக்கம்.
சனி: பரீனா ராத்தா, அறுபது, மகளின் நிக்காஹ்.
ஞாயிறு: ஒன்றும் எழுதவில்லை.
திங்கள்: ஐந்து வீடு.
ஐந்துக்கும் காசில்லை.
மிச்சமிருந்த நூற்றிருபதைப்
பிரித்துப் பிரித்துக் கொடுத்தேன்,
ஒரு வீட்டில் ஆட்கள் நின்றுகொண்டே அழுதார்கள்.
அறுபதைக் கேட்டு வாங்க
ஒருவரும் அந்த ஒழுங்கைக்குப் போகவில்லை.
பயம் யாருக்கு யாரில் என்று
இப்போதும் எனக்குத் தெளிவில்லை.

வியாழன், ஊரடங்கு எடுத்த காலை,
கேட்டடியில் கதிரைகள்.
கழுவி, பத்துப் பத்தாய் அடுக்கி,
கொடிக்கயிற்றால் கட்டி.
மணி அடிக்காமல் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.
எண்ணினேன். அறுபத்தொன்று.
திரும்ப எண்ணினேன்.
கூட வந்தது எழுபத்தேழு,
இரண்டு ஏழுக்கும் குறுக்கே கோடு.
பழைய ஏதோ கலியாணத்தில் தொலைந்தது,
எங்கே தேடி எடுத்தாளோ.

போய் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.
பதினொரு கிழமை போகவில்லை நான்.
பிறகு அவள்தான் வந்தாள்,
கேட்டுக்கு வெளியே நின்று,
"ஒரு நாற்பது, மையத்துக்கு" என்றாள்.
யாரென்று கேட்க வாய் வரவில்லை.
புருசன்.
பொடியன்கள் வருமுன்பே
நான்கு கதிரையை நானே தூக்கிக்கொண்டு
அவளுக்குப் பின்னால் நடந்தேன்.

போன மாதம் பங்குப் பேரவையில்
கிளரன்ஸ் மாஸ்டர் எழும்பி,
இனிமேல் கோயில் பிள்ளைகளுக்கு மட்டும் என்றார்,
சேதம் கூடவாம்.
கொப்பியில் புது நிரல் ஒன்று போடட்டாம்: சமயம்.
சரி என்றேன்.
அடிமட்டம் கிடைத்ததும் போடலாம்.
இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.

இன்றைய இருப்பு நூற்றி எழுபத்தாறு.
மிச்சம் நாலும்
எங்கேயோ யாரையோ
உட்கார வைத்திருக்கின்றன.